ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில்

சாதாரண அச்சுத் தாள்களில் பத்தை எடுத்து அடுக்கி, விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். முழுச்சட்டக சென்சார் உள்ள கேமராவில் ஒரு பூச்சியை அதன் உண்மையான அளவிலேயே படம்பிடிக்கும்போது, எஃப்/8 துளையில் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும்) தெளிவாகக் கிடைக்கும் ஆழம் அவ்வளவுதான். நிலக்காட்சி எடுப்பவர் காலடிப் புல்லையும் தொடுவானத்து மலையையும் ஒரே படத்தில் கூர்மையாக நிறுத்திவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார். பூச்சியைத் தேடிப் போனவரோ மண்டியிட்டு, மூச்சை அடக்கி, பத்துத் தாள் கனத்துக்குள் ஓர் உயிரின் முகம் முழுவதையும் பொருத்தப் பார்க்கிறார். கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்குகிறது. கொம்பைப் பிடித்தால் கண் போய்விடுகிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். சிறியவற்றை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ படக்கலைக்குள் வருகிற எல்லோரும் ஆழம் தெரியாமல்தான் காலை விடுகிறோம். நல்ல லென்ஸ் ஒன்று கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்பி, முதல் வாரத்தில் முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன், தேறியவை மூன்று. மீதியை அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, எதனால் கெட்டது என்று குறித்துவைத்தேன். அந்தக் குறிப்பேடு லென்ஸைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது. கெட்ட விதங்கள் பலவானாலும் வேர் ஒன்றுதான்: நெருங்கிப் போவதற்கு ஒரு விலை உண்டு, அதை ஆழத்திலோ ஒளியிலோ அசைவிலோ கொடுத்தே தீர வேண்டும். எந்த லென்ஸும் அதைத் தள்ளுபடி செய்வதில்லை. அந்தச் செலவைக் குறைக்கும் வழிகளில் பெரும்பாலானவை கேமராவுக்கு வெளியே, பூச்சியின் பழக்கத்திலும் பொழுதின் போக்கிலும் இருக்கின்றன.

முதலில் அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்வோம். பொருளின் உண்மையான நீளத்துக்கும் சென்சார் மீது விழும் அதன் பிம்பத்தின் நீளத்துக்கும் உள்ள விகிதமே உருப்பெருக்கம். பத்து மில்லிமீட்டர் வண்டு சென்சாரிலும் பத்து மில்லிமீட்டராக விழுந்தால் அது 1:1. முழுச்சட்டக சென்சாரின் பரப்பு 36 மி.மீ.க்கு 24 மி.மீ. என்பதால், 36 மி.மீ. அகலமுள்ள பொருள் சட்டகத்தை அப்படியே நிரப்பிவிடும். வழக்கமாக இந்த 1:1 அளவிலிருந்துதான் மேக்ரோ என்ற பெயரைக் கொடுக்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு அளவையே எட்டும் ஜூம் லென்ஸ்களின் கழுத்தில் ‘மேக்ரோ’ என்று பொறித்திருப்பது விற்பனைக்கான பொட்டும் பூவும். அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம். நிக்கான் நிறுவனம் தன் மேக்ரோ லென்ஸ்களுக்கு ‘மைக்ரோ’ என்று பெயரிட்டுக் குழப்பத்தை இன்னும் கொஞ்சம் வளர்த்திருக்கிறது. ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராக்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட முதல் மேக்ரோ லென்ஸ், 1955-இல் ஹைன்ஸ் கில்ஃபிட்டின் நிறுவனம் வெளியிட்ட 40 மி.மீ. மக்ரோ-கிலார். அதற்கு முன்பு துருத்தி, குழாய், நுண்ணோக்கி என்று எதையாவது இணைத்துத்தான் இந்த வேலை நடந்தது.

இனி விலைப்பட்டியல். எஃப்/8 துளையில், பொருளைப் பாதி அளவில் எடுக்கும்போது கிடைக்கும் குவிய ஆழம் 2.9 மி.மீ. அளவில் இருக்கும். முழு அளவுக்குப் போனால் அது 1 மி.மீ.க்குக் குறைந்துவிடும். இரு மடங்கு பெரிதாக்கினால் 0.36 மி.மீ. இவை 0.03 மி.மீ. வரையிலான மங்கல் புள்ளியைக் கண் மன்னித்துவிடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குகள். இன்றைய திரைகளில் படத்தை முழு அளவுக்கு விரித்துப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் அவ்வளவு தாராளமாக மன்னிக்க மாட்டார்கள். லென்ஸின் குவியத்தூரம் 60 மி.மீ. ஆனாலும் 180 மி.மீ. ஆனாலும், உருப்பெருக்கமும் துளை எண்ணும் ஒன்றாக இருக்கும்வரை ஆழமும் ஏறக்குறைய ஒன்றேதான். நீண்ட லென்ஸ் தருவது வேறொன்று: தள்ளி நிற்கும் வசதி. வழக்கமான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் 1:1 எடுக்கும்போது லென்ஸின் முன்விளிம்புக்கும் பூச்சிக்கும் இடையே சுமார் 15 செ.மீ. மிச்சமிருக்கும். 60 மி.மீ. லென்ஸில் இந்த இடைவெளி இன்னும் சுருங்கி, லென்ஸின் நிழலே பூச்சியின் மேல் விழத் தொடங்கும்.

ஆழம் போதவில்லை என்றால் துளையை இன்னும் சிறிதாக்கினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. எஃப்/22 வரை சுருக்கி எடுத்த படங்களில் பூச்சியின் தலை முதல் வால் வரை சீராக இருந்தது: சீரான மங்கல். இங்கே ஒளியின் அலைத்தன்மை குறுக்கே வருகிறது. சிறிய துளை வழியாக நுழையும் ஒளி பரவி, புள்ளியாக விழ வேண்டியது சிறு வட்டாக விழுகிறது. பாடப்புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்போம். மேக்ரோவில் இது சற்று முன்கூட்டியே தலைகாட்டும். ஏனென்றால், நெருங்கிக் குவிக்கும்போது லென்ஸ் சென்சாரிலிருந்து விலகிப் போவதற்கு ஒப்பான நிலை ஏற்பட்டு, துளை எண் நடைமுறையில் மாறிவிடுகிறது. 1:1 அளவில் எஃப்/8 என்று வைத்தால் அது எஃப்/16 போல வேலை செய்யும். எஃப்/16 என்று வைத்தால் எஃப்/32. அந்த நிலையில் பச்சை ஒளியின் ஒரு புள்ளி சுமார் 0.043 மி.மீ. வட்டாக விரிந்துவிடும். நாம் மன்னிக்கத் தயாராக இருந்த 0.03 மி.மீ.யைவிட அது பெரிது. சில கேமராக்கள் மாறிய எண்ணையே திரையில் காட்டுகின்றன, பல காட்டுவதில்லை. ஆகவே அனுபவமுள்ளவர்கள் 1:1 அளவில் எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் இடையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆழத்துக்கும் கூர்மைக்கும் நடக்கும் பேரத்தில் இரு தரப்பும் முனகிக்கொண்டே ஒப்புக்கொள்ளும் இடம் அது.

துளை எண் இரட்டிப்பாவதன் இன்னொரு பொருள், சென்சாரை எட்டும் ஒளி நான்கில் ஒன்றாகிவிடுகிறது என்பது. நிழலடர்ந்த இடத்தில் புதருக்கடியில் எட்டிப் பார்க்கும் கேமராவுக்கு இது பெரிய இழப்பு. அதை ஈடுகட்ட ஷட்டரை மெதுவாக்கினால் மூன்றாவது கடன்காரன் வாசலில் நிற்கிறான்: அசைவு. 2.4 கோடி பிக்சல் முழுச்சட்டக கேமராவில் 36 மி.மீ. அகலத்துக்கு 6000 பிக்சல்கள் இருக்கின்றன. ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. இலை ஒன்று இளங்காற்றில் விநாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது ஆட்டமாகவே தெரியாது. ஆனால் 1/200 விநாடியில் அந்த இலை கால் மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 1:1 அளவில் பிம்பமும் அதே கால் மில்லிமீட்டர், அதாவது நாற்பது பிக்சல்களுக்கு மேல் இழுபடும். ஊரே அசையாமல் நிற்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில் எறும்பின் முகம் தீற்றலாகப் பதிவாவது இதனால்தான்.

நம் உடலும் சும்மா இருப்பதில்லை. கேமராக்களிலும் லென்ஸ்களிலும் உள்ள அதிர்வுத் தடுப்பு பெரும்பாலும் கோணம் மாறும் நடுக்கத்தைக் கவனித்து உருவாக்கப்பட்டது. நெருக்கத்தில் பக்கவாட்டு நகர்வின் பங்கு கூடிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யும் மேக்ரோ லென்ஸ் ஒன்றை கேனான் 2009-இல் கொண்டுவந்தது. அதனாலும் முன்னும் பின்னுமாக உடல் ஆடுவதைத் தடுக்க முடியாது. நிற்கும்போது உங்கள் உடல் ஒரு மில்லிமீட்டர் முன்னால் சாய்ந்தாலே மொத்த ஆழமும் காலி.

ஆழத்துக்குச் சிறிய துளை வேண்டும். அது ஒளியைக் குறைக்கிறது. குறைந்த ஒளிக்கு நீண்ட ஷட்டர் வேண்டும். அது அசைவைப் பதிவுசெய்கிறது. இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, ஒளியை நாமே கொண்டுபோவது. மற்றது, உலகம் அசையாத பொழுதைத் தேடிப் போவது. மேக்ரோ எடுப்பவர்கள் இவற்றில் ஏதாவது ஒன்றின் பக்கம் சாய்ந்து, மற்றக் கட்சியைச் சற்று ஏளனமாகப் பார்ப்பது வழக்கம். நான் இரண்டு கட்சியிலும் சந்தா கட்டியவன்.

ஃபிளாஷின் உண்மையான பலம் அதன் வெளிச்சத்தைவிட அதன் சுருக்கத்தில் இருக்கிறது. கைக்கடக்கமான ஃபிளாஷைக் குறைந்த திறனில் எரியவிட்டால் ஒளி 1/10,000 விநாடிக்கும் குறைவான நேரமே நீடிக்கும். சுற்றுப்புற ஒளி பதிவாகாத அளவுக்குக் கேமராவை அமைத்துவிட்டால், ஷட்டர் 1/200 விநாடி திறந்திருந்தாலும் படத்தைத் தீர்மானிப்பது அந்த மின்னல் கணம் மட்டுமே. மேலே சொன்ன இலை அந்த நேரத்தில் 0.005 மி.மீ. நகரும், ஒரு பிக்சலைக்கூடத் தாண்டாது. ஃபிளாஷ் பூச்சிக்கு மிக அருகில் இருப்பதால் குறைந்த திறனே போதுமாகிறது. நெருக்கம் தரும் அபூர்வமான சலுகைகளில் இது ஒன்று.

ஆனால் அந்த ஒளி எப்படி விழுகிறது என்பதில்தான் பாதிப் படங்கள் தோற்கின்றன. வண்டின் முதுகு பளபளப்பானது. ஈயின் கண்ணும் அப்படித்தான். பளபளப்பான பரப்பு ஒளிமூலத்தையே திருப்பிக் காட்டும். சிறிய ஒளிமூலம் என்றால் வெள்ளைப் புள்ளி ஒன்று சுட்டெரித்துக்கொண்டு நிற்கும், சுற்றிலும் இருள். ஒளி மென்மையாவது அதன் மூலம் எவ்வளவு பெரியதாகத் தோன்றுகிறது என்பதைப் பொறுத்தது. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து அது வானில் அரை டிகிரி அகலமே பிடிக்கிறது. அதனால் உச்சிவெயில் கடுமையாக இருக்கிறது. அதே நேரத்தில் பூச்சியிலிருந்து 10 செ.மீ. தொலைவில் 20 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் தாளை வளைத்துவைத்து, அதன் பின்னாலிருந்து ஃபிளாஷை எரியவிட்டால், அந்தப் பூச்சிக்கு அது பாதி வானம். டிஃப்யூசர் என்பது இதற்கு மேல் ஒன்றுமில்லை. தடித்த அட்டை, நெகிழித் தாள், கொஞ்சம் ஒட்டுநாடா ஆகியவற்றில் வீட்டிலேயே செய்தவை கடையில் வாங்கியவற்றுக்குச் சளைத்தவை அல்ல. நான் இதுவரை ஏழெட்டு செய்து கிழித்திருக்கிறேன். இப்போது இருப்பது பார்க்கச் சகிக்காது. ஒளி அருமையாக விழுகிறது.

ஃபிளாஷ் எடுப்பவர்களை அடையாளம் காட்டிக்கொடுப்பது கருமையான பின்னணி. ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஃபிளாஷிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் பூச்சியும் 1 மீட்டர் தூரத்தில் புதரும் இருந்தால், புதருக்குக் கிடைப்பது பூச்சிக்குக் கிடைத்ததில் நூறில் ஒரு பங்கு. பகல் பன்னிரண்டு மணிப் படமும் நள்ளிரவுப் படம் போலத் தெரியும். பூச்சிக்குப் பின்னால் ஓரிரு அங்குலத்தில் ஓர் இலை வரும்படி கோணத்தை மாற்றுவது எளிய தீர்வு. சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை உயர்த்தி, ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சுற்றுப்புற ஒளியையும் உள்ளே விடுவது மற்றொன்று. அப்போது அசைவின் சாயல் கொஞ்சம் திரும்பி வரும். கருப்புப் பின்னணி எப்போதும் குற்றமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரின் விவசாயி வில்சன் பென்ட்லி, துருத்திக் கேமராவை நுண்ணோக்கியோடு இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று பனிப்படிகம் ஒன்றைப் படமாக்கினார். பின்னர் 5000-க்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்தார். அவர் படங்களில் படிகம் கருப்பு வானில் நட்சத்திரம் போல மிதக்கும். அந்தக் கருப்பு தானாக வந்ததல்ல. படிகத்தைச் சுற்றியுள்ள பூச்சை நெகட்டிவின் நகலிலிருந்து கத்தியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். உருகும் முன் எடுத்தாக வேண்டும், மூச்சு பட்டால் பொருளே இல்லாமல் போய்விடும் என்ற நெருக்கடியில் வேலை செய்தவர் அவர். அதை நினைத்தால் பறந்துபோன வண்ணத்துப்பூச்சிக்காகப் புலம்பக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது பாதை விடியல். இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்று கனமாகிப் படிந்துவிடுவதால், சூரியன் தரையைச் சூடாக்கத் தொடங்கும்வரை செடிகள் அசையாமல் நிற்கும். பூச்சிகளும் அப்போது இயங்கும் நிலையில் இருப்பதில்லை. அவற்றின் உடல்வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. பல தேனீக்களுக்கு மார்புத் தசைகள் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறினால்தான் இறக்கைகள் வேலைக்கு வரும். அதுவரை ஓடவும் முடியாது, பறக்கவும் முடியாது. கூட்டமாக வாழாத தனித்தேனீக்களில் சில வகைகள் புல்தண்டைத் தாடைகளால் கவ்விப் பிடித்து, கால்களை மடக்கி, காற்றில் நீட்டியபடி தூங்கும். இதை முதல்முறை பார்த்தபோது செத்துப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இந்தப் பொழுதில் முக்காலி போட்டு, எஃப்/8 வைத்து, அரை விநாடி ஷட்டர் திறந்தாலும் படம் அசையாது. காலை ஒளியில் பின்னணி நிறங்கள் கரைந்து வரும் அழகை எந்த ஃபிளாஷும் கொடுத்ததில்லை.

பனித்துளி பற்றி ஒரு சிறு குறுக்கீடு. இலை விளிம்பில் சீரான இடைவெளியில் மாலை கோத்ததுபோல நிற்கும் துளிகள் பெரும்பாலும் பனியே அல்ல. இரவில் வேர் உறிஞ்சிய நீரை இலை தன் விளிம்புத் துளைகள் வழியாகக் கசியவிடுகிறது. பனி இலையின் பரப்பெங்கும் பொடிப்பொடியாகப் படியும். சிலந்தி வலையிலும் பூச்சியின் உடலிலும் இருப்பது அது. தெளிப்பான் அடித்துச் செய்த பனியும் உண்டு. துளிகள் ஒன்றுக்கொன்று அளவில் பொருந்தாமல், வழிந்த தடங்களோடு இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். துளியை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, துளிக்குள் தெரியும் பூவின் பிம்பம் துளியின் மேற்பரப்பில் இல்லை என்பது. துளியின் விளிம்பைக் குவித்தால் உள்ளே தெரியும் தலைகீழ்ப் பூ மங்கும். இங்கும் அதே மில்லிமீட்டர்த் தகராறு.

வெயில் ஏறிய பிறகு பூச்சியை அணுகுவது தனிக் கலை. அதன் கண்ணால் யோசித்தால் பாதி வேலை முடிந்துவிடும். மனிதக் கண் விநாடிக்கு சுமார் 60 முறைக்கு மேல் மினுக்கும் ஒளியைத் தொடர்ச்சியான ஒளியாகவே பார்க்கும். வேகமாகப் பறக்கும் ஈக்களால் 200-க்கும் மேற்பட்ட மினுக்கல்களைப் பிரித்தறிய முடியும். நாம் சட்டென்று கையை நீட்டுவதாக நினைப்பது அதற்கு நிதானமாக வந்துகொண்டிருக்கும் ஒரு கம்பம். பெரிய தட்டான்களின் ஒரு கண்ணில் முப்பதாயிரம் வரை சிறுகண்கள் இருக்கின்றன. அதன் முதுகுப் பக்கமாகப் போனால் தப்பிக்கலாம் என்பது வீண் ஆசை. பின்னணியில் உங்கள் உருவம் குறுக்காக நகர்வதைத்தான் அது முதலில் கவனிக்கிறது. நேர்க்கோட்டில், தாழ்வாக, நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். நிழல் அதன் மேல் விழக் கூடாது. அது நிற்கும் செடியோடு இணைந்த எந்தக் கிளையையும் முழங்காலால் தொடக் கூடாது. கவனித்துப் பார்த்தால், பறந்துபோன பல பூச்சிகள் நம்மைக் கண்டு போகவில்லை. நாம் அசைத்த கிளையைக் கண்டு போயிருக்கும்.

பழக்கம் தெரிந்தால் துரத்த வேண்டியதில்லை. பல தட்டான்கள் ஒரே குச்சி முனைக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். அது பறந்துபோன நேரத்தில் நீங்கள் இரண்டடி முன்னேறி உட்கார்ந்துவிட்டால், திரும்பி வரும்போது நீங்கள் அந்த இடத்தின் சாமான்களில் ஒன்று. உண்ணும்போதும் இணையும்போதும் முட்டையிடும்போதும் பூச்சிகள் எளிதில் இடம்பெயர்வதில்லை. அசுவினிக் கூட்டம் ஒட்டியிருக்கும் ஒரு தண்டைக் கண்டுபிடித்தால் அன்றைய பொழுதுக்கு அது போதும். பொறிவண்டு அசுவினியைத் தின்ன வரும், எறும்பு அவற்றைக் காவல் காக்கும், பச்சைப் புழு போன்ற ஈக்குஞ்சு ஒன்று கண் தெரியாமல் தடவித் தடவி ஒவ்வொன்றாக உறிஞ்சும். ஒரே தண்டு முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் எனக்கு நல்ல படங்கள் கிடைத்திருக்கின்றன. ஐந்து கிலோமீட்டர் நடந்த நாட்களில் காலில் கொப்புளம் கிடைத்தது.

குதிக்கும் சிலந்தி இந்த விதிகளுக்கெல்லாம் விலக்கு. ஓடி ஒளிவதற்குப் பதில் திரும்பி நின்று நம்மைப் பார்க்கும். முகத்தின் நடுவில் முன்நோக்கிய இரண்டு பெரிய கண்கள். அவற்றின் லென்ஸ் உடலோடு அசையாமல் பொருந்தியிருக்க, உள்ளே நீண்ட குழாயின் முனையிலுள்ள விழித்திரையைத் தசைகள் அசைக்கின்றன. கண் வெளிறித் தெரியும் கணத்தில் அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது. கருகருவென்று ஆழமாகத் தெரிந்தால் அந்தப் பார்வை உங்கள் மேல்தான். அந்தக் கருமைக்குக் காத்திருந்து எடுத்த படத்தில் சிலந்தி பார்ப்பவரோடு பேசும். கும்பிடுபூச்சியின் கண்ணில் நாம் எங்கே நகர்ந்தாலும் கூடவே நகரும் கரும்புள்ளி இப்படிப்பட்ட பார்வை அல்ல. நம்மை நேராக நோக்கி அமைந்த சிறுகண்கள் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிக்கொள்வதால் ஏற்படும் தோற்றம் அது.

குவிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தானியங்கிக் குவிப்பு இந்த நெருக்கத்தில் முன்னும் பின்னும் அலைந்து திணறும். எந்த உருப்பெருக்கம் வேண்டுமோ அதில் வளையத்தை நிறுத்திவிட்டு, உடலையே மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துவதே பலரும் கடைப்பிடிக்கும் முறை. இடதுகையால் பூச்சி உட்கார்ந்திருக்கும் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துவிட்டால், ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும். இந்த ஓர் உத்தி எனக்கு எந்த உபகரணத்தைவிடவும் அதிகப் படங்களைத் தந்திருக்கிறது. இன்னொன்று, ஆழத்தைக் கூட்ட முடியாவிட்டாலும் அதைப் படுக்கப்போடும் திசை நம் கையில் இருக்கிறது. இறக்கையை மூடிய வண்ணத்துப்பூச்சி ஒரு தட்டையான தாள்; சென்சாரை அதற்கு இணையாகப் பிடித்தால் ஒரு மில்லிமீட்டரே தாராளம்.

மலிவான வழிகள் நிறைய இருக்கின்றன. 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 50 மி.மீ. வெற்றுக் குழாயைச் செருகினால் 1:1 வந்துவிடும். 200 மி.மீ. லென்ஸின் முன்னால் +8 டயாப்டர் நெருக்க லென்ஸைத் திருகினால் 1.6 மடங்கு. நெருக்க லென்ஸுக்குப் பதில் ஒரு 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தினால் 4 மடங்கு. 1999-இல் வந்த கேனானின் ஒரு லென்ஸ் 1 முதல் 5 மடங்கு வரை பெரிதாக்கும். தூரத்தில் உள்ள எதையும் அதனால் குவிக்க முடியாது. செல்பேசியின் சிறிய சென்சாருக்குச் சட்டகத்தை நிரப்ப 1:1 தேவைப்படுவதில்லை. அதனால் ஆழமும் கூடுதலாகக் கிடைக்கும். ஓரிரு செ.மீ. தூரத்துக்கு உங்களை வரவிடும் பூச்சி கிடைக்க வேண்டும், அவ்வளவே.

ஒரு படத்தில் கிடைக்காத ஆழத்தைப் பல படங்களில் சேர்ப்பதுதான் குவிய அடுக்கு. குவியத் தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியை மட்டும் ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்களால் கோக்கிறார்கள். 1:1 அளவில் எஃப்/5.6 தரும் ஆழம் 0.67 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி 0.4 மி.மீ. நகர்த்தினால், 8 மி.மீ. ஆழமுள்ள வண்டுக்கு இருபது படங்கள். ஐந்து மடங்கு பெரிதாக்கி எஃப்/2.8-இல் எடுத்தால் ஆழம் 0.04 மி.மீ.க்குச் சுருங்கும், அதே வண்டுக்கு இருநூற்றைம்பதைத் தாண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பூச்சி மாதிரிகளைப் படமாக்கி 2016-இல் காட்சிக்கு வைத்த லெவோன் பிஸ், ஒவ்வோர் இறுதிப் படத்துக்கும் எட்டாயிரம் படங்களுக்கு மேல் கோத்தார். அவை ஊசியில் குத்திய மாதிரிகள். வெளியில் உயிருள்ள பூச்சியில் ஐந்தாறு படங்கள் கையிலேயே எடுக்க முடிந்தால் நல்ல நாள். நடுவில் உணர்கொம்பு அசைந்தால் இறுதிப் படத்தில் அதற்கு மூன்று கொம்புகள் முளைக்கும். ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் மயிர்கள் உள்ள இடங்களில் மென்பொருளும் தடுமாறும். அங்கே மிச்ச வேலை நம் கைக்கே வந்துசேரும். எல்லா இடமும் கூர்மையாக இருப்பதே நல்ல படம் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அடுக்கிய படங்கள் பல, பூச்சியை மலையிலிருந்து பெயர்த்த கல் போலக் காட்டுகின்றன.

அசையாத பூச்சி வேண்டும் என்ற ஆசை பழையது. நுண்ணோக்கியில் கண்டவற்றை வரைந்து 1665-இல் வெளியிட்ட ராபர்ட் ஹூக், எறும்பை மட்டும் ஓர் இடத்தில் நிறுத்த முடியாமல் தவித்தார். கடைசியில் அதற்குப் பிராந்தி கொடுத்தார். போதையில் விழுந்த எறும்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடந்து, பிறகு திடீரென்று எழுந்து ஓடிவிட்டது என்று எழுதிவைத்திருக்கிறார். இன்று பிராந்திக்குப் பதில் குளிர்சாதனப் பெட்டி வந்திருக்கிறது. குளிரூட்டி மந்தமாக்கிய பூச்சியை இலைமேல் வைத்து எடுத்துவிட்டு, ‘காட்டில் கண்டது’ என்று தலைப்பிடுகிறவர்கள் உண்டு. கால்கள் பிடிமானமின்றித் தொங்குவதும், உணர்கொம்புகள் சோர்ந்து கிடப்பதும், அந்தச் செடியில் வாழவே வாழாத பூச்சி அதில் இருப்பதும் காட்டிக்கொடுக்கும். 2018-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் வனவிலங்குப் படப் போட்டியில் வென்ற ஒரு படத்தைத் தகுதிநீக்கம் செய்தது. அதிலிருந்த எறும்புத்தின்னி பாடம்செய்து வைக்கப்பட்ட உடல் என்ற முடிவுக்கு வந்ததுதான் காரணம். சிறிய உயிர்களில் இப்படிக் கண்டுபிடிக்க ஆளில்லை என்பது ஏமாற்றுவதற்கு வசதி. ஆய்வுக்கூடத்தில் குளிரூட்டி எடுத்தால் அப்படியே சொல்லிவிடலாம். பொய் தலைப்பில்தான் இருக்கிறது. மற்ற சேதங்கள் இதைவிட எளியவை: புரட்டிய கல்லைத் திருப்பி வைக்காமல் வருவது, சட்டகத்தை மறைத்த ஒரு கிளையை ஒடிப்பது. அந்தக் கிளைதான் அந்தப் புழுவைப் பறவையிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்திருக்கும்.

படத்துக்கு வேறொரு பயனும் உண்டு. பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களின் திட்டமாக 2008-இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் இடமும் நாளும் குறித்துப் பதிவிடும் படங்கள், எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்ற அறிவைக் கூட்டுகின்றன. அங்கே ஒரு மோதல். நாம் விரும்புவது முகம். பெயர் சொல்பவர் கேட்பது முதுகு, பக்கவாட்டு, இறக்கை நரம்புகள். சிலந்திகளில் பலவற்றை இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகப் பெயரிட முடியும். அழகான முகப்படம் ஒன்றை எடுத்த கையோடு, அழகில்லாத மூன்று படங்களையும் எடுத்துவைப்பது இப்போது என் வழக்கம்.

தண்டைக் கவ்வித் தூங்கிய அந்தத் தேனீயிடம் திரும்புகிறேன். இறந்துவிட்டது என்று நினைத்து முக்காலியை மிக நெருக்கமாக நட்டு, ஏறக்குறைய அரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் முதலில் புல்லின் நுனியைத் தொட்டு, தண்டு வழியாகக் கீழே இறங்கி அதன் முதுகுக்கு வந்தது. உடலில் ஒட்டியிருந்த பொடித்துளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிறகு வயிறு சுருங்கி விரியத் தொடங்கியது. இறக்கைகள் அசையவில்லை, ஆனால் பறக்கும் தசைகளை உள்ளுக்குள் நடுங்கவைத்துத் தன்னைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. முன்கால் ஒன்று நீண்டு கண்ணைத் துடைத்தது. கடைசியாகத் தாடை திறந்தது. அரை விநாடி ஷட்டரில் அதற்கு அடுத்து எடுத்த படத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு புல்தண்டின் தீற்றல் மட்டும் இருக்கிறது.